சிரிப்பின் திசை: வகுப்பறையும் வார்டும்



சிரிப்பே மருந்து என்ற தலைப்பில் பேச வேண்டும் என்றுதான் இந்த அறக்கட்டளையினர் முதலில் அழைத்தார்கள். தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன், பெருந்தன்மையோடு தந்தார்கள். சிரிப்பு நோயைத் தீர்க்கும் என்பதற்கு உள்ள ஆதாரம் மெலிந்தது. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே சிரிப்பு என்ன செய்கிறது என்பதற்கு உள்ள ஆதாரமோ நன்றாகத் தேறியிருக்கிறது. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் பயன்படப்போவது இந்த இரண்டாவதுதான். வகுப்பிலும் வார்டிலும் எவ்வளவு சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதைவிட, சிரிப்பு யாரிடமிருந்து கிளம்பி யார் மேல் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மருந்துக் கதையை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 'சாட்டர்டே ரிவியூ' இதழின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்தவர் நார்மன் கசின்ஸ். 1964இல் சோவியத் நாட்டுக்குப் போய்வந்தவர் காய்ச்சலும் உடல்வலியுமாகப் படுத்தார். மூட்டுகள் இறுகி, படுக்கையில் புரளவே சிரமப்பட்டார். முதுகெலும்பை இறுக்கும் மூட்டுநோய் என்றார்கள். மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்களையும் 'கேண்டிட் கேமரா' நிகழ்ச்சியையும் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரியை விட்டு ஓட்டல் அறைக்கே குடிபெயர்ந்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். 1976இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது, 1979இல் நூலாயிற்று. உலகம் முழுவதும் அதைப் படித்தது. 1995இல் மும்பைப் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு சிரிப்பு யோகாவைத் தொடங்கியபோது, சிரித்தால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் ஏற்கெனவே ஊன்றிப்போயிருந்தது.

கசின்ஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய கட்டுரையை மரியாதையோடுதான் படிக்கிறேன். ஆனால் அவர் அதே நாட்களில் பெரிய அளவில் வைட்டமின் சி-யும் ஏற்றிக்கொண்டார். நோயாளி ஒருவர், சிகிச்சை இரண்டு. எது வேலை செய்தது, அல்லது நோய் தானாகத் தணிந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நகைச்சுவை உளவியலில் வாழ்நாளைச் செலவிட்ட கனடிய ஆய்வாளர் ராட் மார்ட்டின், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் 2001இல் அலசினார். உடல்நலத்துக்குச் சிரிப்பு நேரடியாக உதவுகிறது என்பதற்கான சான்றுகள் பலவீனமானவை, ஒன்றோடொன்று பொருந்தாதவை என்றே முடிவு சொன்னார். அதற்கும் முன்பே ஒரு சங்கடமான தகவல் வந்திருந்தது. ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் 1921இல் பின்தொடரத் தொடங்கிய ஏறத்தாழ 1,500 பிள்ளைகளின் ஆயுளை ஹோவர்ட் ஃபிரீட்மன் குழுவினர் 1993இல் ஆராய்ந்தார்கள். சிறுவயதில் கலகலப்பும் நகைச்சுவையும் மிக்கவர்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் குறித்திருந்தவர்கள், சராசரியாகப் பார்த்தால், மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே இறந்திருந்தார்கள்.

ஆகவே மருந்துச்சீட்டில் சிரிப்பை எழுத அவசரப்பட வேண்டாம். வலி விஷயத்தில் மட்டும் நம்பத்தக்க ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்கள், குளிர்ந்த உறையையும் இறுக்கிய பட்டையையும் கையில் முன்னைவிடக் கூடுதல் நேரம் தாங்கினார்கள். கூட்டமாக என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ராபர்ட் ப்ரோவைன் என்ற அமெரிக்க நரம்பியலாளர் கடைவீதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் போய் நின்று, 1,200 சிரிப்புகளை அவை பிறந்த இடத்திலேயே பதிவு செய்தார். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடர்ந்து வந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. "சரி, அப்புறம் பாக்கலாம்" என்பதைப் போன்ற வெறும் பேச்சுக்குத்தான் மக்கள் சிரித்தார்கள். கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவரோடு இருக்கும்போது முப்பது மடங்கு சிரிக்கிறோம் என்பது அவருடைய இன்னொரு கணக்கு. டீக்கடை பெஞ்சில் கால்மணி நேரம் காதைக் கொடுத்து உட்கார்ந்தால் நீங்களே சரிபார்க்கலாம். நாம் சிரிப்பது பெரும்பாலும் 'உன்னோடு இருக்கிறேன்' என்று தெரிவிக்க. வகுப்புக்கும் வார்டுக்கும் இந்தத் தெளிவோடு போவோம்.

வகுப்பறை ஆய்வுகளில் நான் மாணவர்களுக்கு எப்போதும் முதலில் சொல்வது இஸ்ரேலிய உளவியலாளர் அவ்னர் ஸிவ் செய்ததை. 1988இல் வெளியான ஆய்வு. பாடம் புள்ளியியல், மாணவர்கள் பயந்து நடுங்கும் பாடம். பருவம் முழுவதும் இரண்டு பிரிவுகளுக்கு ஒரே ஆசிரியர். ஒரு பிரிவில் வழக்கம்போல் நடத்தினார். மற்றதில் ஒரு வகுப்புக்கு மூன்று நான்கு வேடிக்கைகள், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொன்றும் அன்றைய கருத்தோடு ஒட்டியது. கருத்தை முதலில் சொல்வார், பிறகு அதைக் காட்டும் வேடிக்கை, பிறகு வேறு சொற்களில் அதே கருத்து. பருவத் தேர்வில் இரண்டாவது பிரிவின் சராசரி ஏறத்தாழ 10 மதிப்பெண் கூடியிருந்தது. வேறு மாணவியரை வைத்து உளவியல் பாடத்தில் மறுபடி செய்து பார்த்தார். அங்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

இதை நம் ஊர்ப் பாடமாக மாற்றிப் பார்க்கலாம். கணக்குப்பிள்ளை ஒருவர் மனைவி மக்களோடு ஆற்றங்கரைக்கு வருகிறார். ஐந்து இடத்தில் கோலை விட்டு ஆழம் பார்க்கிறார், கூட்டுகிறார், வகுக்கிறார். சராசரி ஆழம் மூன்றடி. குடும்பத்தின் சராசரி உயரம் நாலடி. "தைரியமா இறங்குங்க" என்கிறார். நடு ஆற்றில் பிள்ளைகளைக் காணோம். கரையேறி ஓலையை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தானே இருக்கு, பிள்ளைங்க எங்கே?" என்கிறார். சிதறலைச் சொல்லாமல் சராசரியை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை. வகுப்பு சிரிக்கும்; அந்தச் சிரிப்புக்குள்ளேயே பாடம் இருக்கிறது. கதை நினைவில் இருக்கிறவரை திட்ட விலக்கம் எதற்கு என்பதும் நினைவில் இருக்கும்.

இதே ஆசிரியர் இடையில் நிறுத்தி, நேற்றுப் பார்த்த சினிமா நகைச்சுவையைச் சொன்னால்? வகுப்பு இன்னும் பலமாகவே சிரிக்கும். ஆனால் ராபர்ட் கப்லனும் கிரிகோரி பாஸ்கோவும் 1977இல் 508 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வைப் பாருங்கள். விரிவுரையில் வேடிக்கையான எடுத்துக்காட்டுகளைச் சேர்த்ததால் அன்றைய சோதனையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஆறு வாரம் கழித்துக் கேட்டபோது, கருத்தோடு ஒட்டிய வேடிக்கையால் விளக்கப்பட்ட பகுதிகள் மட்டும் நன்றாக நினைவில் நின்றிருந்தன. ஒட்டாத வேடிக்கை பாடத்தைக் காப்பாற்றவில்லை. ஸ்டீவன் ஷ்மிட் 1994இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: வேடிக்கையான வாக்கியங்களும் சாதாரண வாக்கியங்களும் கலந்திருந்தால், வேடிக்கையானவை நினைவில் ஏறுகின்றன, சாதாரணமானவை பின்னுக்குப் போகின்றன. பாடத்தின் முக்கியமான வரி சாதாரண வரியாக இருந்து, பக்கத்தில் வேடிக்கை ஒன்று உட்கார்ந்திருந்தால், ஆசிரியர் தம் பாடத்தைத் தாமே அழிக்கிறார் என்றுதான் பொருள். சின்ன வகுப்புகளில் இன்னும் கவனம் தேவை. சொல்வதற்கு நேர்மாறாகப் பொருள்படும் கிண்டலும் மிகைப்படுத்தலும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைக் குழப்பி, அந்தப் பொருளைப் பற்றியே தவறான எண்ணத்தை விதைத்துவிடுவதைத் தொலைக்காட்சிப் பாடங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அமெரிக்காவில் மெலிசா வான்சர், ஆன் ஃபிரைமியர் இருவரும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இலும் 2010இலும் இதைக் கோட்பாடாகவே வளர்த்தார்கள். ஆசிரியரின் நகைச்சுவையில் எது தகும், எது தகாது என்று மாணவர்களிடமே கேட்டார்கள். பாடத்தோடு ஒட்டியது கற்றலோடு தொடர்புடையதாக வந்தது. மாணவரை இழிவுபடுத்துவது தகாதவற்றின் பட்டியலில் இருந்தது. எனக்கு வியப்பளித்தது, ஆசிரியர் தம்மையே கேலி செய்துகொள்வது இரண்டு பட்டியலிலும் இடம் பெற்றிருந்ததுதான். அளவோடு செய்தால் நெருக்கம் வருகிறது. எல்லை தாண்டினால், இவருக்குப் பாடம் தெரியுமா என்ற ஐயமே மாணவர் மனதில் எழுகிறது.

மாணவரை இழிவுபடுத்துவது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், நம் பள்ளிகளில் இது அவ்வளவு சாதாரணம். விடைத்தாள் கொடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் வரிசைப்படி அடுக்கிய கட்டு மேசைமேல் இருக்கிறது. கடைசித் தாள் வரும்போது ஆசிரியர் சற்று நிறுத்துகிறார். வகுப்பு முன்கூட்டியே சிரிக்கத் தயாராகிறது. "இவன் பேப்பரைப் படிச்சா எனக்கே பாடம் மறந்துடும் போலிருக்கு" என்கிறார். அறை அதிர்கிறது. நான் பார்த்த ஒரு பையன் எழுந்து போய்த் தாளை வாங்கிக்கொண்டு, திரும்பும்போது அவனும் சிரித்துக்கொண்டே வந்தான். அதைப் பார்த்து, அவன் விளையாட்டாக எடுத்துக்கொண்டான் என்று ஆசிரியர் நம்பியிருப்பார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்படும்போது தான் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைக் கண்டு எழுதியவரின் கண் எனக்கு மிகப் பெரிது. எள்ளப்பட்டவனும் சிரிக்கிறான். அவன் சிரிப்பதால் எள்ளல் எள்ளலாக இல்லாமல் போய்விடவில்லை. ராட் மார்ட்டினும் அவருடைய மாணவர்களும் 2003இல் வெளியிட்ட, உலகெங்கும் இப்போது பயன்படும் நகைச்சுவைப் பாங்கு வினாத்தாளில் நான்கு பாங்குகள் உண்டு: பிறரோடு இணைக்கும் நகை, தன்னைத் தேற்றிக்கொள்ளும் நகை, பிறரைத் தாக்கும் நகை, பிறர் தயவுக்காகத் தன்னைத்தானே தாழ்த்திக்கொள்ளும் நகை. விடைத்தாளோடு திரும்பி வந்த பையனின் சிரிப்பு நான்காவது வகை. மனச்சோர்வோடும் குறைந்த தன்மதிப்போடும் சேர்ந்து காணப்படும் வகையும் அதுவே.

பாதிப்பு அவனோடு நிற்கிறதா? லெஸ்லி ஜேன்ஸ், ஜேம்ஸ் ஓல்சன் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் 2000இல் இதைத்தான் சோதித்தார்கள். மாணவர்களுக்கு ஒரு காணொளியைக் காட்டினார்கள். சிலர் பார்த்ததில் ஒருவர் இன்னொருவரைக் கேலி செய்கிறார். சிலர் பார்த்ததில் தன்னையே கேலி செய்துகொள்கிறார். சிலர் பார்த்ததில் யார் மேலும் கேலி இல்லை. பிறகு அவர்களுக்கு வேறு வேலைகள் கொடுத்தார்கள். இன்னொருவர் கேலி செய்யப்படுவதைப் பார்த்தவர்கள் மட்டும், மற்றவர் கருத்தோடு ஒத்துப்போகவே முயன்றார்கள், தோற்றுவிடுவோமோ என்று அஞ்சினார்கள். கேலி அவர்கள் மேல் விழவே இல்லை; பார்த்ததே போதுமாயிருந்தது. அன்று விடைத்தாள் வாங்கிய நாற்பது பிள்ளைகளில் மற்ற முப்பத்தொன்பது பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த முப்பத்தொன்பது பேரும் கற்றுக்கொண்ட பாடம், தெரியாததைக் கேட்காதே என்பது. பத்தாம் வகுப்பில் ஒருவரும் கை தூக்குவதில்லை என்று வருந்தும் ஆசிரியர்கள், ஆறாம் வகுப்பில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பதினேழாவது பிரிவில் உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் அந்தத் துன்புறுத்தலை விளக்கும்போது, குழந்தையின் மதிப்பைக் குறைக்கும் குத்தல் பேச்சையும், குடும்பப் பின்னணியை வைத்துக் கேலி செய்வதையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. பிரம்பை ஒளித்துவைத்த பள்ளிகள் உண்டு. நாக்கைப் பற்றிய இந்தப் பகுதியை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்த பள்ளி எனக்குத் தெரிந்து அரிது.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். வெண்டி லெவின்சன் குழுவினர் 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு, மருத்துவத் தொடர்பு பற்றிப் பேசும் எவரும் கடந்து போக முடியாதது. ஓரிகன், கொலராடோ மாநிலங்களில் 124 மருத்துவர்கள். ஒவ்வொருவரும் நோயாளிகளோடு பேசிய பத்துச் சந்திப்புகளின் ஒலிப்பதிவு. சிலர் மேல் நோயாளிகள் இழப்பீட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். சிலர் மேல் ஒரு வழக்கும் இல்லை. குடும்ப மருத்துவம் பார்ப்போரிடம் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. வழக்கில்லாதவர்கள், முதலில் பரிசோதிக்கிறேன், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்பதைப் போல நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னார்கள். நோயாளியின் கருத்தைக் கேட்டார்கள். கூடுதலாகச் சிரித்தார்கள், வேடிக்கையாகப் பேசினார்கள். அவர்களுடைய சந்திப்பு சராசரியாக 18.3 நிமிடம், வழக்குள்ளவர்களுடையது 15. அறுவை மருத்துவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே ஒலிப்பதிவுகளில் அறுவை மருத்துவர்களின் பேச்சிலிருந்து சில நொடித் துண்டுகளை எடுத்து, சொற்கள் புரியாதபடி வடிகட்டி, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும்படி செய்தார் நளினி அம்பாடி, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர். 2002இல் வந்த அந்த ஆய்வில், அதிகாரத் தொனி ஓங்கியிருந்த குரல்களே வழக்குள்ள மருத்துவர்களின் குரல்களாகப் பெரிதும் இருந்தன.

லெவின்சன் ஆய்வைச் சொன்னதும் நம் மருத்துவர்கள், எங்களுக்கு ஏது பதினெட்டு நிமிடம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஓர் ஆய்வு, முதல்நிலை மருத்துவச் சந்திப்பு ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி என்றது. இந்தியாவுக்கான கணக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். வெளிநோயாளிப் பிரிவில் சீட்டைப் பிடித்தபடி நிற்கும் வரிசையை வைத்துக்கொண்டு, மருத்துவரை இன்னும் சிரித்துப் பேசுங்கள் என்று புத்தி சொல்வது அநியாயம். அந்த இரண்டு நிமிடத்துக்கு வெளியே, ஊசி போடும் மேசையிலும் கட்டு மாற்றும் இடத்திலும் இரவு வார்டிலும் நடக்கும் பேச்சே நம் நோயாளிகளுக்குக் கிடைக்கும் பெரும்பகுதி. அது செவிலியரின் பேச்சு. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

குழந்தைகள் வார்டு. ஏழு வயது இருக்கும் பையன். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிறான், நரம்பு அகப்படவில்லை. வென்ஃப்ளான் ஊசி போட ஒரு முறை குத்தித் தவறிவிட்டது. அலறுகிறான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுகிறாள். சிஸ்டர் கொஞ்சம் குனிந்து, ரகசியம் பேசும் குரலில் சொன்னார்:

"ராஜா, இந்த நரம்பு இருக்கே, என்னைப் பாத்ததும் ஓடிப்போய் ஒளிஞ்சுக்குது. நீ கூப்பிடேன், உன் பேச்சைத்தான் கேக்கும்."

பையன் விசும்பலை நிறுத்தி மணிக்கட்டைப் பார்த்தான். "வா" என்றான்.

"சத்தமாக் கூப்பிடுப்பா, அதுக்குக் காது கேக்காது."

"வா!"

"ஆங், எட்டிப் பாக்குது. கையை இறுக்கி மூடு. இப்போ ஒரு சுருக்கு வலிக்கும், நீ வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இரு."

ஊசி ஏறியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

கவனியுங்கள், வலிக்காது என்று அந்தச் சிஸ்டர் பொய் சொல்லவில்லை. நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னார். லெவின்சன் ஆய்வில் வழக்கில்லாத மருத்துவர்கள் செய்ததும் அதுதான். செயலற்றுக் கிடந்த குழந்தைக்கு ஒரு வேலை கொடுத்தார். கேலியின் இலக்கு பையனுடைய பயம் இல்லை, ஒளிந்துகொண்ட நரம்பு. அதைப் பிடிக்க முடியாத சிஸ்டரும் கொஞ்சம். ஸிவின் புள்ளியியல் வகுப்பைப் போல, வேடிக்கையும் வேலையும் ஒன்றாகவே இருந்தன. எந்தப் பயிற்சி நூலும் அவருக்கு இதைச் சொல்லித் தந்திருக்காது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து ஆய்வு உதவும். நியூயார்க்கில் 1986இல் மைக்கேல் கிறிஸ்டென்சன் தொடங்கிய கோமாளி மருத்துவர் இயக்கம் அதற்குள் பல நாடுகளில் பரவியிருந்தது. அறுவைக்கு முன் மயக்கம் கொடுக்கும் வேளையில் பெற்றோரோடு கோமாளிகளும் கூட இருந்தால் குழந்தையின் பதற்றம் குறைகிறதா என்று 40 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது: தெளிவாகக் குறைந்தது. அந்த அறையில் பணியாற்றியவர்களும் குழந்தைக்கு நல்லது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடர வேண்டாம் என்றார்கள். தங்கள் வேலைக்கு இடையூறாக இருக்கிறதாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊழியர்களின் வேலைக்குள் இடம் பார்த்து வைக்காமல் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த சிரிப்புக்கு அந்த அறையில் வேர் இல்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னியின் 35 முதியோர் இல்லங்களில் நடந்த பெரிய ஆய்வில், கோமாளிக் கலைஞர்களோடு அந்தந்த இல்லத்து ஊழியர் ஒருவரையும் பயிற்றுவித்துச் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்பார்த்தபடி மனச்சோர்வு குறையவில்லை. மறதிநோய் உள்ள முதியோரின் கொந்தளிப்பு குறைந்தது. அவர்களைப் பராமரித்த ஊழியர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வீட்டில் அப்படி ஒருவரைப் பராமரித்தவர்களுக்குப் புரியும்.

ஊழியர்கள் தங்களுக்குள் சிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெலிசா வான்சரும் மெலனி பூத்-பட்டர்ஃபீல்டும் ஸ்டீவ் பூத்-பட்டர்ஃபீல்டும் 2005இல் செவிலியர்களை ஆராய்ந்தபோது, நகைச்சுவையைக் கையாளத் தெரிந்தவர்கள் பணிச்சுமையைச் சமாளிக்க முடிகிறது என்று அதிகம் நம்பினார்கள். வேலையில் அவர்களுக்கு நிறைவும் கூடுதல். கேட்டி வாட்சன் என்பவர் மருத்துவர்களின் நகைச்சுவை பற்றி 2011இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இரவுப் பணியில் இருந்த மருத்துவர்கள் பீட்ஸா சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்த இளைஞனையே துப்பாக்கிக் காயத்தோடு உள்ளே தூக்கி வருகிறார்கள். எவ்வளவோ முயன்றும் பிழைக்கவில்லை. வெளியே கிடந்த பீட்ஸாவை எடுத்துச் சாப்பிடும்போது ஒருவர், இவனுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுத்திருக்கணும் என்று கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தச் சிரிப்பு போய் விழுந்தது சாவின் மேலும் தங்கள் கையாலாகாமையின் மேலும். அந்தப் பையனை அது தாழ்த்தவில்லை.

ஓஹையோவில் டெலீஸ் வேர் குழுவினர் 58 மருத்துவ மாணவர்களோடு பேசி 2006இல் வெளியிட்டது வேறு வகை. எந்த நோயாளிகளைக் கேலி செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். உடல் பருத்தவர்கள், குடிப்பவர்கள், நோயைத் தாங்களே வரவழைத்துக்கொண்டவர்களாகக் கருதப்பட்டவர்கள் என்று பதில் வந்தது. இது சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு வந்து சேரும் பாடம். 1960லேயே ரோஸ் கோசர் என்ற சமூகவியலாளர் ஒரு மனநல மருத்துவமனையின் ஊழியர் கூட்டங்களில் உட்கார்ந்து வேடிக்கைப் பேச்சுகளை எண்ணினார். 103 பேச்சுகளில் 99 ஆண்கள் சொன்னவை. எதிரே உட்கார்ந்திருந்த மூத்தவர் ஒருவரைக்கூட இளையவர் கேலி செய்யவில்லை. கேலி மேலிருந்து கீழே இறங்கியது. கடைசியில் நோயாளிகள் மேலும் அவர்களுடைய உறவினர் மேலும் போய்ச் சேர்ந்தது. நம் வார்டுகளில் விஷம் குடித்துப் பிழைத்து வந்த பெண்ணிடம், குடிப்பழக்கத்தால் மஞ்சள் காமாலையோடு வந்தவரிடம், என்ன தொனியில் பேசப்படுகிறது என்பதைக் கேட்டவர்களுக்கு இந்த ஆய்வுகள் அன்னிய நாட்டுச் செய்தியாக இருக்காது.

2019 முதல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தொடர்பு ஆகியவற்றுக்கென ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் நான் இங்கே சொன்ன ஆய்வுகளில் ஒன்றுகூடத் தமிழ் பேசும் வார்டிலோ வகுப்பிலோ நடந்ததில்லை. பாடம் ஆங்கிலத்தில் படித்த பயிற்சி மருத்துவர், வேற்று மாவட்டத்துப் பேச்சு வழக்கு, நோயாளியை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா, 'அம்மா', 'தாத்தா' என்று உறவுமுறை வைத்து அழைப்பதில் எப்போது கனிவு இருக்கிறது, எப்போது அதிகாரம் இருக்கிறது என்பவை அந்த ஆய்வுகளில் இல்லை. இவற்றுக்கு விடை காணும் வேலையை இந்த அரங்கில் இருக்கும் முதுநிலை மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் பெற்று, ஊசி அறையிலும் கட்டுப் போடும் அறையிலும் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் மூன்றே விவரம் குறித்தால் போதும்: முதலில் சிரித்தவர் யார், வேடிக்கை யார் மேல், அதற்குப் பிறகு நோயாளி கேள்வி கேட்டாரா அல்லது பேச்சை நிறுத்திக்கொண்டாரா. ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் விடைத்தாள் கொடுக்கும் நாளில் பின்பெஞ்சில் உட்கார்ந்து இதையே செய்யலாம். அதற்கடுத்த வாரம் எத்தனை கை உயர்கிறது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி அந்த ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவதற்குப் போகுமானால், அடுத்த சில ஆண்டுகளில் இந்த மேடையில் நிற்பவர் நம் வார்டையும் நம் வகுப்பையும் பற்றி நம் தரவுகளோடு பேச முடியும்.